வெண்கலம் விற்ற மௌனம்

என் அக்கா மகளைக் கட்டியவர் "தண்ணி கொண்டா" என்று சொன்னால், எங்கோ எல்லையில் போர் மூண்டுவிட்டது, மக்கள் அமைதி காக்க வேண்டும் என்று அறிவிப்பது போல இருக்கும். அப்படி ஒரு குரல். அடிவயிற்றில் கிளம்பி, நெஞ்சுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, மூக்கருகே மெருகேறி வெளியே வரும். அதனால் அவருக்கு வெண்கலம் என்று பெயர். வெண்கலப் பாத்திரம் என்று முழுதாகச் சொல்லாமல் விட்டார்கள். பாத்திரம் என்றால் உள்ளே ஏதாவது இருக்க வேண்டுமே.

குரல் வந்த கதையை அவரே சொல்வார். மற்ற பையன்களுக்குக் குரல் உடைந்து தேற மாதக்கணக்கில் ஆகும். இவருக்கு ஒரே ராத்திரியில் ஆனதாம். காலையில் எழுந்து "அம்மா, பல்பொடி எங்கே?" என்று கேட்டதும், வேற்று ஆள் வீட்டுக்குள் புகுந்துவிட்டான் என்று அவர் அம்மா துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாராம். அன்றைக்குக் குரல் வளர்ந்ததோடு சரி. அதன் பிறகு அவரிடம் வேறு எதுவும் வளர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை, தொப்பையைத் தவிர.

முதலில் அமைந்தது பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. கண்ணாடிக் கூண்டு, ஒரு மைக், ஒரு மின்விசிறி, வண்டிகள் புறப்படும் நேரம் எழுதிய அட்டை. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்பார். நிறுத்துவார். கூட்டம் அப்படியே அண்ணாந்து பார்க்கும். "நான்காம் நடைமேடையில்" என்பார். மறுபடியும் நிறுத்துவார். "புறப்படத் தயாராக" என்று ஆரம்பித்து அவர் ஊர்ப் பெயருக்கு வந்து சேர்வதற்குள் வண்டி வாசலைத் தாண்டி வளைவில் திரும்பியிருக்கும். மூட்டையோடு நின்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே, "வண்டி போனா போகுது, என்ன குரல்யா!" என்றார்களாம். இது அவர் சொன்னது. நிலைய மேலாளர் சொன்னது வேறு. அதை அச்சில் போட முடியாது.

வேலை போன பிறகு, தள்ளுபடி விற்பனை, கடைத் திறப்பு என்று வேனில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு சில காலம் சுற்றினார். அப்போதுதான் அந்த ஞானம் பிறந்தது. தன் குரலை விற்பதைவிட, எதிரே நிற்பவனிடம் "உனக்குக் குரலே இல்லை" என்று சொல்லி அவனைக் கலங்கடித்துவிட்டு, அந்தக் குரலை அவனுக்கே பழுது பார்த்துக் கொடுப்பது இன்னும் நல்ல பிழைப்பு. இப்படியாக வெண்கலம் பயிற்சியாளர் ஆனார்.

தையல்கடைக்கு மேலே ஒரு மாடி அறை பிடித்தார். எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டினார். எதிரொலி வரவில்லை. கீழே தையல் மெஷின்கள் கடகடவென்று ஓடும் சத்தம் மட்டும் நாள் முழுக்க வந்துகொண்டிருந்தது. ஆளுயரக் கண்ணாடி ஒன்று, தரையில் ஒரு விரிப்பு, ஜாடி நிறைய கார்க்குகள். வாசலில் பலகை: "குரல் மற்றும் பேச்சுப் பயிற்சி. ஆசிரியர்கள், மேடைக் கலைஞர்கள், வழக்கறிஞர்கள், மேலாளர்களுக்கு." அதற்குக் கீழே சாக்பீஸில் ஒரு வரி: "சட்டைக்கு அளவு எடுப்பது கீழே." அது தையல்காரர் எழுதியது. தப்பாக மாடி ஏறிய ஆட்களால் அவருக்கு அவ்வளவு தொல்லை.

வருகிறவர் கார்க்கை முன்பற்களுக்கு நடுவே கடித்துக்கொண்டு பேப்பரை உரக்கப் படிக்க வேண்டும். பிறகு மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் ஒரு தடித்த அகராதியை வைத்து, அது ஏறி இறங்கும்படி மூச்சு விட வேண்டும். இதெல்லாம் உலகத்தில் பலரும் சொல்லிக்கொடுப்பதுதான், இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குற்றம் இதற்குப் பிறகு ஆரம்பிக்கும். வந்தவர் ஆணோ பெண்ணோ, ஒல்லியோ குண்டோ, எல்லாருக்கும் ஒரே மருந்துதான்: "இன்னும் கீழ போங்க. இன்னும் கீழ." அவரவர் தொண்டை எப்படிப்பட்டது என்று பார்க்கவே மாட்டார். தன் தொண்டையை அளவாக வைத்துக்கொண்டு எல்லாருக்கும் அதே அளவில் குரலைத் தைத்து அனுப்பினார். கீழே இருந்த தையல்காரராவது ஆளுக்கு ஆள் அளவெடுத்தார்.

ஆனால் வெண்கலத்தின் பெயர் பரவியது குரலால் அல்ல, இடைவெளியால். பேருந்து நிலையத்தில் வேலையைத் தின்ற அதே இடைவெளியை, எடுத்துத் துடைத்து, பொட்டலம் கட்டி, கொள்கையாக விற்றார்.

"கேள்வி கேட்டதும் பட்டுன்னு பதில் சொல்றவன் யாரு? வேலைக்காரன். மனசுக்குள்ள மூணு எண்ணிட்டுச் சொல்றவன் யாரு? முதலாளி. எதிராளியும் எண்ணறானா? நீங்க இன்னும் எண்ணுங்க. முதல்ல வாயைத் திறக்கிறவன் தோத்தவன்."

இதைச் சொல்லிவிட்டு அவரும் மூன்று எண்ணுவார். வந்தவர்கள் மெய்சிலிர்த்துப் போவார்கள். சும்மா இருப்பதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்ட கூட்டம் அது.

அவரிடம் படித்த ஒரு நாடக நடிகர், அரங்கேற்றத்தன்று "அந்தக் கொலையைச் செய்தவன்..." என்று சொல்லி இடைவெளி விட்டார். விட்டார், விட்டார், விட்டுக்கொண்டே இருந்தார். வசனம் மறந்துவிட்டது போலிருக்கிறது, பாவம் என்று திரை இழுப்பவர் திரையைப் போட்டுவிட்டார். கொலை செய்தவன் யார் என்று தெரியாமலே சனங்கள் வீட்டுக்குப் போனார்கள். இன்னொருவர், காப்பீடு விற்கும் ஆள், ஒரு வயதானவர் முன்னால் உட்கார்ந்து "நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா..." என்று நிறுத்தினாராம். பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார். நான் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்வதானால் பெரியவர் அங்கேயே போய்ச் சேர்ந்தார் என்று எழுதியிருப்பேன்.

இப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்தவள் என் அக்கா மகள். பள்ளிக்கூட டீச்சர். அவள் குரலுக்கும் வெண்கலத்துக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. மெல்லிய, உயர்ந்த, நேராகப் போய் இலக்கில் தைக்கிற குரல். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் விசில் டீச்சர். அவள் வகுப்பறையில் "உட்காரு" என்றால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து உட்காரும். ஒரு தடவை சுவருக்கு அந்தப் பக்கம் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒருவர் இறங்கி ஓரமாக நின்றார். எதற்கு நின்றோம் என்று அவருக்கே தெரியவில்லை.

இவரைப் போய்க் கட்டிக்கொள்ள எப்படியம்மா சம்மதித்தாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"போன்ல ரெண்டு தடவை பேசினார் சித்தி. ஒவ்வொரு பதிலுக்கும் கொஞ்ச நேரம் எடுத்துக்கிட்டார். நிறைய யோசிக்கிற மனுஷன்னு நினைச்சுட்டேன்."

அவள் பள்ளியில் தலைமையாசிரியை ஓய்வு பெறும் காலம் வந்தது. அந்த அம்மாள் முழங்கால் வலிக்காரி. கடைசிச் சில வருஷங்களாக அந்த நாற்காலிக்குரிய வேலையை எல்லாம் செய்தது என் அக்கா மகள்தான். நேர அட்டவணை போடுவது, அழுகிற பெற்றோரைத் தேற்றுவது, ஒழுகும் கூரைக்கு ஆள் பிடிப்பது, எல்லாம். நாற்காலி மட்டும் அவளுடையதாக இல்லை. அதற்கு இப்போது இரண்டு பேர் போட்டி. ஒன்று இவள். இன்னொன்று கணக்கு வாத்தியார். சாக்பீஸைக் கீச்சென்று சத்தம் வராமல் பிடிப்பது எப்படி என்று அவருக்குக் காட்டிக்கொடுத்ததே இவள்தான். நாளைக்கு அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், லீவு கேட்டு இவள் அவர் எதிரே நிற்க வேண்டும்.

தேர்ந்தெடுக்க மூன்று பேர் கொண்ட குழு. தாளாளர், அதாவது பள்ளியை நடத்துகிறவர், பைப்புக் கடை முதலாளி. இரண்டாமவர் ஒரு பல் டாக்டர். மூன்றாமவர் ஓய்வு பெற்ற வக்கீல். இந்த மூன்று பேரும், ஆண்டு விழாவில் கம்பீரமாகப் பேச வேண்டும் என்று ஆசைப்பட்டு, கொஞ்ச நாளுக்கு முன்புதான் முட்டை அட்டை அறையில் கார்க்கு கடித்துவிட்டு வந்திருந்தார்கள். அதன் பிறகு பைப்புக் கடையில் "அரை இஞ்சு பைப்பு இருக்கா?" என்று கேட்டால்கூட முதலாளி மூன்று எண்ணிவிட்டுத்தான் "இருக்கு" என்றார். பாதி வாடிக்கை எதிர்க் கடைக்குப் போய்விட்டது.

வீட்டில் வெண்கலம் மனைவியைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு பேரும் என் ஆளுங்க. அவங்களுக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியும். உன் குரலை வச்சுக்கிட்டு உள்ள போனா, பிரஷர் குக்கர் வந்திருக்குன்னு நினைப்பாங்க. கீழ கொண்டு வா."

"இதுதாங்க என் குரல்."

"அதைத்தான் மாத்தறோம்."

ராப்பகலாக அவளைக் கீழே இறக்கினார். அவள் தாழ்ந்த குரலில், தொண்டையை அழுத்தி அழுத்திப் பேசிப் பழகினாள். முதலில் வகுப்பு கெட்டது. "உட்காருங்க" என்று அவள் அடித்தொண்டையில் சொன்னால், டீச்சருக்கு உடம்பு சரியில்லை என்று பிள்ளைகள் எழுந்து ஓடி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு தொண்டை கெட்டது. கரகரத்தது, வறண்டது, ஒருநாள் காலையில் சத்தமே வரவில்லை.

"ஒண்ணுமில்ல. கிசுகிசுன்னு பேசு. குரலுக்கு ஓய்வு கொடு," என்றார் வெண்கலம்.

அவள் கிசுகிசுத்தாள். இன்னும் மோசமானது. அவர்கள் மகள், கல்லூரியில் படிக்கிற வாயாடி, அம்மாவை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் பார்த்துவிட்டு, பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண்ணிடம் அனுப்பினார். அந்தப் பெண் முழுதாகக் கேட்டுக்கொண்டு, "யாரும்மா உங்களை இவ்ளோ கீழ பேசச் சொன்னது?" என்றாள்.

"என் வீட்டுக்காரர். அவர் குரல் பயிற்சியாளர்."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். நல்ல வளர்ப்பு. பிறகு சொன்னாள்: "கிசுகிசுக்கறது ஓய்வு இல்லம்மா, தொண்டை இன்னும் இறுகும். பேசாம இருந்தாத்தான் ஓய்வு. அடிக்கடி செருமாதீங்க, தண்ணி குடிங்க. குரல் தேறினதும் உங்களுக்கு எங்க சுலபமா வருதோ அங்கயே பேசுங்க." ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவைப் போட்டு, அதற்குள் 'ஊ' என்று குமிழி விடுகிற பயிற்சியும் சொல்லிக்கொடுத்தாள்.

அன்றிலிருந்து சமையலறையில் தினமும் குமிழிச் சத்தம். வெண்கலம் வாசற்படியில் நின்று பார்த்தார்.

"இது என்ன, குழந்தைப் பிள்ளை விளையாட்டு?"

அவள் குமிழி விட்டாள். சில நாட்களில் குரல் பழைய இடத்துக்கு ஏறி வந்து உட்கார்ந்தது.

நேர்முகத் தேர்வுக்கு முந்தின வாரம் மகள் இன்னொரு சேதி கொண்டுவந்தாள். நான் அப்போது அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, கணக்கு சார் ஸ்கூட்டர் அப்பா மாடிக்குக் கீழ நிக்குது."

"தையக்கடைக்கு வந்திருப்பாரு."

"ஹெல்மெட் மாடிப்படியில இருக்கு. மேல இருந்து 'இன்னும் கீழ, இன்னும் கீழ'ன்னு சத்தம் வருது. பேன்ட்டுக்கு அளவெடுத்தாக்கூட இவ்ளோ கீழ போக மாட்டாங்கம்மா."

வெண்கலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் கேட்டாள்: "கணக்கு சாருக்குப் பாடம் எடுக்கறீங்களா?"

அவர் எண்ண ஆரம்பித்தார்.

"எண்ணாதீங்க. சொல்லுங்க."

"தொழில்," என்றார். இடைவெளி. "வேற." இடைவெளி. "குடும்பம்..."

"வேற. அது இப்பதான் தெரியுது. அவருக்கு என்ன சொல்லிக் கொடுத்தீங்க?"

"உனக்குச் சொன்னதேதான். நான் பாரபட்சம் பார்க்கிற ஆள் இல்ல. யார் ஜெயிச்சாலும் நம்ம கிட்டப் படிச்சவங்கதானே ஜெயிக்கறாங்க?"

இதை அவர் வெட்கமில்லாமல், அந்த அருமையான குரலில் சொன்னார். கேட்பதற்கு ஏதோ தியாகம் செய்தது போலவே இருந்தது. குரலுக்கு மட்டும் தனியாகச் சம்பளம் கொடுத்து, ஆளை வாசலில் நிறுத்தி வைக்க வழி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"என்ன சின்னத்தை, நான் சொல்றது சரிதானே?" என்று என்னைத் துணைக்கு இழுத்தார்.

"மாப்பிள்ளை, டீ ஆறிடுச்சு. நான் உங்களைப் பார்த்ததும் ஆறிடுச்சு," என்றேன்.

அவர் போன பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: "சித்தி, குரல் என்னுதுதான், அதை மாத்த மாட்டேன். ஆனா அவர் சொல்ற இடைவெளி மட்டும் விட்டுத்தான் ஆகணும். மூணு பேரும் இவர்கிட்டப் படிச்சவங்க. அவங்க கையில இருக்கிற தராசு அது ஒண்ணுதான். முதல்ல வாயைத் திறந்தா நான் தோத்தேன்."

தேர்வன்று நடந்ததை எனக்குச் சொன்னவர்கள் இரண்டு பேர். ஒன்று அவள். இன்னொன்று அந்த அறைக்கு டீ கொண்டு போன ஆயா. ஆயா எதையும் பெருக்கிச் சொல்கிறவள். நான் பாதியாகக் குறைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் உள்ளே போனவர் கணக்கு வாத்தியார். தாளாளர், "பள்ளிக்கூடத்தை எப்படி நடத்துவீங்க?" என்று அடிவயிற்றிலிருந்து கேட்டார். கேட்டுவிட்டு, கைகளைக் கோத்து மேஜை மேல் வைத்து நிறுத்தினார். வாத்தியார் அவர் கண்ணையே பார்த்தார். மூன்று எண்ணினார். தாளாளர் இன்னும் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, எதிராளியும் எண்ணுகிறார், விடக் கூடாது என்று மேற்கொண்டு எண்ணினார். அந்தப் பக்கம் தாளாளரும் அப்படியே நினைத்தார். கேள்வி கேட்டவர் நான், பதில் வருவதற்குள் நான் பேசினால் எனக்கு அவமானம் என்று. பல் டாக்டரும் வக்கீலும், பெரியவரே பேசவில்லை, நாம் முந்துவதா என்று உறைந்து உட்கார்ந்தார்கள். டீயில் ஆடை படிந்தது. மின்விசிறி காகிதங்களைப் புரட்டிப் புரட்டி அதற்கே அலுத்துவிட்டது.

"எட்டிப் பார்த்தேம்மா. நாலு பேரும் கண்ணைத் திறந்துக்கிட்டு அப்படியே இருக்காங்க. கேஸ் ஏதாச்சும் கசியுதோன்னு மோந்து பார்த்தேன்," என்றாள் ஆயா.

கடைசியில் தாளாளர் தலையை ஆட்டினார். வாத்தியாரும் ஆட்டினார். எழுந்தார், வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கதவு சாத்தியதும் தாளாளர், "ஆழம்," என்றார். மற்ற இருவரும் ஆமோதித்தார்கள். எதில் ஆழம் என்று யாரும் கேட்கவில்லை. கிணற்றில் எட்டிப் பார்த்தால் இருட்டாக இருந்தால் போதும், ஆழம்தான்.

அடுத்து இவள் போனாள்.

"அடங்காத பிள்ளையை என்ன செய்வீங்க?" என்றார் தாளாளர். கைகளைக் கோத்தார்.

அவள் மூன்று எண்ணினாள். அவர்கள் பார்த்தார்கள். அவள் பார்த்தாள். தாளாளரின் வழுக்கையில் ஒரு ஈ உட்கார்ந்து, நிதானமாக நடந்து, இந்தக் காதோரத்திலிருந்து அந்தக் காதோரத்துக்குப் போனது. அதை விரட்டினால் கௌரவம் போய்விடும் என்று அவர் விட்டுவிட்டார். வக்கீலின் கண் மெல்ல மூடியது. அவள் இன்னும் எண்ணினாள். நாற்காலி அவள் எண்ணிக்கையில் இருந்தது.

அப்போது மணி அடித்தது.

அடுத்த பாடவேளை அவளுக்கு இரண்டாம் வகுப்பு. அந்த வகுப்பில் ஆசிரியர் இல்லையென்றால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பெஞ்சு எல்லாம் கப்பலாகியிருக்கும், யாராவது ஒருவன் கடலில் விழுந்திருப்பான். இந்தப் பக்கம் வளர்ந்த மனிதர்கள் மூன்று பேர், யார் முதலில் கண் சிமிட்டுவது என்று சின்னப் பிள்ளைகள் ஆடுகிற ஆட்டத்தை, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்கு அலுத்துப் போயிற்று. எழுந்தாள். தன் சொந்தக் குரலில், மேலே, நேராக, சொன்னாள்:

"சார், மணி அடிச்சாச்சு, எனக்குக் கிளாஸ் இருக்கு. அடங்காத பிள்ளையை என்ன செய்வேன்னு கேட்டீங்க. இப்படி முறைச்சுப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்க மாட்டேன். பேரைச் சொல்லிப் பக்கத்துல கூப்பிட்டு, என்னப்பா விஷயம்னு கேப்பேன். அது சொல்றதை முழுசாக் கேப்பேன். வேற ஏதாச்சும் கேக்கணும்னா இப்பவே கேளுங்க."

வக்கீல் தூக்கத்திலிருந்து துள்ளி எழுந்து, "உள்ளேன் டீச்சர்!" என்றார். பல் டாக்டர் வாயிலிருந்த பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் ஒளித்தார். தாளாளர் மேஜை மேலிருந்த முழங்கையை எடுத்துவிட்டு நேராக உட்கார்ந்தார். ஈ பறந்துவிட்டது. ஆனால் யாரும் எதுவும் கேட்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அவள் வெளியே வந்தாள். வழியில் ஆயாவைப் பார்த்து, "போச்சு ஆயா. நான்தான் முதல்ல வாயைத் திறந்தேன்," என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் வகுப்புக்குள் நுழைந்தாள். கப்பல்கள் உடனே பெஞ்சுகளாயின.

ஆயா டீ டம்ளர்களை எடுக்க உள்ளே போனாள். தாளாளர் அப்போதுதான், "அப்ப யாரைப் போடலாம்?" என்று மற்ற இருவரையும் கேட்டு நிறுத்தியிருந்தார். பல் டாக்டர் எண்ணிக்கொண்டிருந்தார். வக்கீலும் எண்ணிக்கொண்டிருந்தார், இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு. ஆயா டம்ளர்களைத் தட்டில் அடுக்கினாள். அறையில் ஏதோ கேள்வி தொங்குகிறது, யாரும் எடுக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கீழே கிடப்பதை எடுத்து வைப்பது அவள் வேலை.

"நம்ம டீச்சரம்மாதானே ஐயா?" என்று கேட்டாள்.

தாளாளர் அவளைப் பார்த்தார். மூன்று எண்ண ஆரம்பித்தார். மற்ற இருவரும் எண்ண ஆரம்பித்தார்கள்.

ஆயா சாதாரண மனுஷி. இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு மூச்சு நேரம் நின்று பார்த்தாள். மூன்று படித்தவர்கள், மூன்று வாய், ஒன்றிலிருந்தும் இல்லை என்று வரவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, தாழ்வாரத்தின் நடுவில் நின்று, எந்தப் பயிற்சியும் பெறாத தொண்டையால், "இனிமே நம்ம டீச்சர்தான் பெரிய டீச்சர்! ஐயாமாருங்க சொல்லிட்டாங்க!" என்று கூவினாள்.

இரண்டாம் வகுப்பு முதலில் வெடித்தது. பிறகு மூன்றாம் வகுப்பு. முழங்கால் வலிக்காரத் தலைமையாசிரியை தன் அறையிலிருந்து நொண்டி நொண்டி வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஆயா நேராகக் கணக்கு வாத்தியாரிடம் போய், "உங்களுக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே சார்?" என்று கேட்டாள். அவர் தாளாளரின் கண் முன்னால் நிற்பதாக நினைத்தாரோ என்னவோ, மூன்று எண்ணினார். "நல்ல மனசு சார் உங்களுக்கு," என்று ஆயா போய்விட்டாள்.

உள்ளே மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே சத்தம் கூரையைத் தூக்கியது. இப்போது யாராவது ஒருவர் எழுந்து, "நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை" என்று சொல்ல வேண்டும். ஆனால் அதை முதலில் சொல்பவர், மற்ற இருவர் முன்னால் முதலில் வாயைத் திறந்தவராகிவிடுவாரே! நியமன உத்தரவில் கையெழுத்துப் போட வாயைத் திறக்க வேண்டியதில்லை. போட்டார்கள்.

அன்று மாலை வெண்கலம் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். "பார்த்தீங்களா? அவ பேசறதுக்கு முன்னாடி ஒரு இடைவெளி விட்டா பாருங்க, அதுல விழுந்துட்டாங்க. நான் சொல்லிக் கொடுத்தது." கணக்கு வாத்தியார் தோற்றதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று தையல்காரர் கேட்டார். "அவன் எண்ணினதுல வேகம் ஜாஸ்தி," என்றார். இந்த மனிதனை எங்கே அடித்தாலும் வலிக்காது. உள்ளே காற்றுதான்.

இரவுச் சாப்பாட்டுக்கு நானும் அக்காவும் அங்கே இருந்தோம். வெண்கலம் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, எல்லை நிலவரத்தை அறிவிப்பது போல ஆரம்பித்தார்.

"இனிமே நீதான் தலைமையாசிரியை. உங்க பள்ளிக்கூடத்து டீச்சர்ங்க எல்லாருக்கும் குரல் பயிற்சி வேணும். அதை என் மாடிக்கே கொடுத்துடு. குடும்பத்துக்குள்ளயே இருக்கட்டும். என்ன சொல்ற?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கோபமில்லை, சிரிப்பில்லை, ஒன்றுமில்லை. பார்த்தாள்.

அவர் முகத்தில் முதலில் பெருமிதம் வந்தது. நம் பாடத்தைக் கடைப்பிடிக்கிறாள் என்று. மூன்று ஆயிற்று. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் பதிலுக்குப் பார்த்தார். கேட்டவர் அவர், மறுபடி கேட்டால் தோற்றவர் அவர். வெண்கலத்தின் நெற்றியில் வேர்வை பூத்தது. வாய் திறந்து, மூடி, மறுபடி திறந்து, மூடியது. மேஜை மேல் தண்ணீர் டம்ளர் இருந்தது. அதில் ஒரு ஸ்ட்ராவும் இருந்தது.

"அப்பா," என்றாள் மகள், "வேணும்னா குமிழி விடுங்க. சத்தம் வரும், ஆனா பேசின கணக்குல வராது."

அக்காவுக்குப் புரையேறிவிட்டது.

என் அக்கா மகள் மெதுவாகத் தலை குனிந்து மீண்டும் சாப்பிட ஆரம்பித்தாள். வேறு எல்லா விஷயமும் அந்த வீட்டில் பேசப்படுகிறது: பால் வாங்கினீர்களா, மின்கட்டணம் கட்டியாயிற்றா, துண்டைக் கொடியில் போடக் கூடாதா. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. பள்ளியில் டீச்சர்களுக்குப் பயிற்சி நடக்கிறது. ஆஸ்பத்திரிப் பெண் சனிக்கிழமைகளில் ஸ்ட்ராக் கட்டோடு வருகிறாள், ஒவ்வொருவர் தொண்டையையும் தனித்தனியாகக் கேட்கிறாள். முட்டை அட்டை அறையில் இப்போது வெண்கலமும் தையல் மெஷின் சத்தமும்தான்.

போன வாரம் கடைத்தெருவில் அவரைப் பார்த்தேன்.

"என்ன மாப்பிள்ளை, அந்தப் பள்ளிக்கூட விஷயம் என்ன ஆச்சு?"

அவர் நிமிர்ந்து நின்று, நெஞ்சுக்குள் காற்றை நிரப்பிக்கொண்டு, மூன்று எண்ணிவிட்டுச் சொன்னார்: "இடைவெளி விட்டிருக்கா, சின்னத்தை."